செந்தூர் நடைக்கு இடம் பிடித்த கதை

25 ஜனவரி 2025, சனி: அம்பாசமுத்திரம் முதல் கிருஷ்ணாபுரம் வரை

தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடந்து போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்கள் இரவில் எங்கே தலை சாய்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர் மட்டும் கூட்டத்துக்கு ஒருவர்தான் இருப்பார். எங்கள் கூட்டத்தில் அந்தப் பொறுப்பைப் பல ஆண்டுகளாகப் பெரியப்பா சுமந்துவந்தார். அவருக்கு முழங்கால் சொன்னபடி கேட்காமல் போனதால் இம்முறை அது என்னிடம் வந்தது. என் ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் உட்கார்ந்து வழி சொல்வது மட்டுமே தம்முடைய வேலை என்று அவர் அறிவித்திருந்தார். அந்த அறிவிப்பு கல்லிடைக்குறிச்சிப் பாலம் வரைதான் தாங்கியது.

அவரிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று உண்டு. தங்கிய ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு மூன்று வரிகள்: "கிணறு உப்பு. கக்கூஸ் ஒன்று. சாவி எதிர்வீட்டில். நாய் உண்டு, கடிக்காது." வழக்கமான ஆண்டாக இருந்தால் அந்த நோட்டை வைத்துத் தொலைபேசியிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை அந்த வசதியைக் கெடுத்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தாமிரபரணியின் கீழ்ப்பகுதி முழுவதும் வெள்ளத்தில் கிடந்த அந்த மாதத்துக்கு அடுத்த மாதமே, 2024 ஜனவரி 25ஆம் தேதி, தைப்பூசம் வந்ததால் எங்கள் கூட்டத்தார் அந்த ஆண்டு நடைக்குப் போகவேயில்லை. ஆகவே கருங்குளத்துக்குக் கிழக்கே நோட்டில் எழுதியிருப்பவற்றில் எது மிஞ்சியிருக்கிறது என்று நேரில் பார்த்தாக வேண்டியிருந்தது.

அம்பாசமுத்திரத்திலிருந்து செந்தூர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். பத்தமடை, கிருஷ்ணாபுரம், ஆழ்வார்திருநகரி ஆகிய மூன்று இடங்களில் இரவு தங்கி, நான்காம் நாள் மாலை கோயிலுக்குப் போய்ச் சேர்வது திட்டம். கூட்டத்தில் இருபத்து மூன்று பேர், அவர்களில் ஒன்பது பேர் பெண்கள். புறப்படும்போது அத்தை வாசலில் நிறுத்தி வைத்துச் சொன்னது இதுதான்: "மண்டபம் பெருசா இருக்கா, ஃபேன் ஓடுதான்னு பாத்துட்டு வந்துராதிய. பொம்பளையாளுவ போற கக்கூஸுல தண்ணி வருதா, கதவுக்குத் தாழ்ப்பா இருக்கா, ராத்திரி லைட்டு எரியுதான்னு பாருங்க. மத்தது எப்படி இருந்தாலும் நாங்க படுத்துக்கிடுவோம்." பயணம் முழுவதும் இந்த மூன்று கேள்விகளையே அளவுகோலாக வைத்துக்கொண்டோம். நான் பார்த்த இடங்களில் பாதிக்கு மேல் இரண்டாவது கேள்வியில் தோற்றுப்போயின.

பத்தமடையில் வேலை சுலபமாக முடிந்தது. கோரைப்பாய்க்குப் பெயர் போன, புவிசார் குறியீடு பெற்ற ஊர் அது. பாய் வியாபாரம் செய்யும் இஸ்லாமியக் குடும்பம் ஒன்றின் சரக்கறைக்குப் பின்புறம் பெரிய தாழ்வாரம் இருக்கிறது. பெரியப்பாவுக்கு அங்கே பழைய பழக்கம். வீட்டு அம்மா எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்த பிறகுதான் விஷயத்தையே கேட்டார். தாழ்வாரத்துக்கு வாடகை வேண்டாம் என்றவர், பாய் விஷயத்தில் கறாராக இருந்தார். சாதாரணக் கோரைப்பாய் ஒன்றுக்கு நான்கு நாளைக்கு 20 ரூபாய் வாடகை. கிழிந்தால் பாதி விலை, தொலைந்தால் முழு விலை. விரித்து வைத்திருந்த பட்டுப்பாயை நான் தடவிப் பார்த்ததும், "அது கல்யாணத்துக்குத் தம்பி, ரோட்டுல போட்டுப் படுக்கவா?" என்று சுருட்டி உள்ளே கொண்டுபோய்விட்டார். நெகிழிப் பாய் மலிவு, மழைக்கும் நனையாது என்று எங்கள் கூட்டத்தில் சிலர் சொல்வதுண்டு. தை மாதப் பனியில் நெகிழிப் பாயில் படுத்தவர்களுக்குத் தெரியும்: உடம்புச் சூட்டில் அடியில் வியர்க்கும், விடியற்காலையில் அதுவே குளிரும். கோரை அப்படிச் செய்வதில்லை.

பாளையங்கோட்டையில் மெஸ் ஒன்றில் 110 ரூபாய்க்கு மதியச் சாப்பாடு. பரிமாறியவர் பெரியப்பாவின் இலையில் சோறு குறையவே விடவில்லை. போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினால் விரலுக்கு மேலேயே போடுகிற உபசாரம்.

கிருஷ்ணாபுரத்தில் சிக்கல் காத்திருந்தது. நோட்டில் இருந்த கல்யாண மண்டபத்தின் மேலாளர் எங்கள் தேதியைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "தை மாசம், ஞாயித்துக்கிழமைக்கு மொத நா ராத்திரி. அண்ணாச்சி, இது ஆறு மாசத்துக்கு முன்னாலேயே போயிட்டு." வேறு இரண்டு மண்டபங்களிலும் அதே பதில். ஒன்றில் வாடகை 18,000 ரூபாய் என்று சொன்னார்கள். அது காலியாக இருந்திருந்தாலும் எங்களுக்கு உதவியிருக்காது. வெயில் தாழ வேங்கடாசலபதி கோயிலுக்குள் போய் உட்கார்ந்தோம். நாயக்கர் காலத்துச் சிற்பங்களைப் பார்க்க வந்தவர்கள் வீரபத்திரர் தூணருகே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, பெரியப்பா மண்டபத்துத் தரையைக் கையால் தேய்த்துப் பார்த்து, "படுக்கதுக்கு இதைவிட நல்ல தரை ஏதுலே" என்றார். கோயிலில் படுக்க அனுமதி கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

வெளியே பழக்கடைக்காரர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்ததில் வழி பிறந்தது. சாலையிலிருந்து சற்று உள்ளே நெல் அவிக்கும் ஆலை ஒன்று. அதன் முன்னால் சிமெண்டு பூசிய பெரிய களம். களத்தின் ஓரமாகத் தகரக் கொட்டகை. உரிமையாளர் இரண்டு நிமிடத்தில் ஒத்துக்கொண்டார். "பிசான அறுப்பு வர இன்னும் நாளு கெடக்கு. களம் சும்மாதான கெடக்கு. அடுப்பு மட்டும் கொட்டகைக்குள்ள மூட்டிராதிய." ஆலையில் பெண்கள் வேலை பார்ப்பதால் கழிப்பறைகள் இரண்டு இருந்தன, தண்ணீர், தாழ்ப்பாள், விளக்கு மூன்றும் இருந்தன. அத்தைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கதவு கீழ வரைக்கும் இருக்கா?" என்று நான்காவது கேள்வி வந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தேன், இருந்தது.

26 ஜனவரி, ஞாயிறு: கருங்குளத்துக்குக் கிழக்கே

காலையில் நல்ல பனி. செய்துங்கநல்லூர் தாண்டும் வரை முன்னால் போகும் பேருந்தின் பின்விளக்கு மட்டுமே தெரிந்தது. நடப்பவர்கள் இதே நேரத்தில்தான் இந்தச் சாலையில் இருப்பார்கள் என்பதை நினைத்து, ஒளிரும் பட்டை வாங்க வேண்டும் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

ஆற்றோரமாக நாங்கள் வழக்கமாகத் தங்கும் கூடத்தைத் தேடிப் போனோம். கட்டடம் நின்றது. உள்சுவரில் என் மார்பளவுக்குச் சேற்றுக்கோடு ஓடியது. தரை ஓடுகள் பெயர்ந்திருந்தன. மோட்டார் இருந்த இடத்தில் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சாவி வைத்திருந்த எதிர்வீட்டில் இப்போது வேறு ஆட்கள். பெரியப்பா நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தில் குறுக்காகக் கோடு போட்டார். மேலும் இரண்டு இடங்களில் அதே கோடு விழுந்தது.

ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தை ஒட்டிய புதுக்குடியில் தேநீர் குடித்தோம். வெள்ளத்தின்போது செந்தூர் விரைவு ரயில் சுமார் 800 பயணிகளுடன் சிக்கி நின்றது இங்கேதான்; சுற்றிலும் தண்ணீர் நின்ற அந்த நேரத்தில் அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவர்கள் இந்த ஊர்க்காரர்கள். கடைக்காரர் அதைப் பற்றித் தாமாக ஒன்றும் பேசவில்லை. நாங்கள் தங்க இடம் தேடுகிறோம் என்றதும் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு மூன்று இடங்களை வரிசையாகச் சொன்னார், மூன்றாவதைச் சொல்லும்போது, "இன்னைக்குக் கொடியேத்து. டீச்சரு பதினோரு மணி வரைக்கும் பள்ளியோடத்துலதான் இருப்பாவ, வெரசாப் போங்க" என்றார்.

இதைவிட நல்ல யோசனை அந்த இரண்டு நாட்களில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. வேறெந்த ஞாயிற்றுக்கிழமை போயிருந்தாலும் பூட்டிய கதவைத்தான் பார்த்திருப்போம். ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளிக்கூடம். கொடி ஏற்றி முடித்து, பிள்ளைகள் மிட்டாயோடு கலைந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கும் ஆளுக்கொரு மிட்டாய் தந்தார்கள். தலைமையாசிரியை நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். மறுப்பாரோ என்று நினைத்தபோது, கொடியேற்றத்துக்கு வந்திருந்த பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியை அழைத்து அங்கேயே கலந்து பேசினார். வருகிறவர்களின் பெயர், ஊர், தொலைபேசி எண் அடங்கிய கடிதம் வேண்டும். வகுப்பறைகள் திறக்கப்பட மாட்டா, தாழ்வாரமும் சத்துணவுக் கூடத்தின் முன்பகுதியும் மட்டும். உள்ளே சமைக்கக் கூடாது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குள் பெருக்கித் துடைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வாடகை என்ற பேச்சை நான் எடுத்ததும் அவர் முகம் மாறியது. பெரியப்பா என் காலை மிதித்தார்.

பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் உண்டு, விளக்கு உண்டு, தாழ்ப்பாள் மட்டும் உடைந்து தொங்கியது. "டீச்சரம்மா, இதுக்கு ஒரு தாழ்ப்பா நாங்க வாங்கிட்டு வந்து மாட்டிக்கிடுதோம், அனுமதி உண்டா?" என்று பெரியப்பா கேட்டார். அதற்கு அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, பிள்ளைகளுக்கும் ஆகும் என்றார். அன்றைக்கே ஆழ்வார்திருநகரியில் கடை தேடினோம், ஞாயிறு என்பதால் திறக்கவில்லை. தாழ்ப்பாளும் நோட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போனது.

தென்திருப்பேரை தாண்டிக் கடம்பாகுளத்துக் கரையில் வண்டியை நிறுத்தி, பனங்கிழங்கு தின்றுவிட்டுத் திரும்பினோம். அவித்த கிழங்கு ஒரு கட்டு 50 ரூபாய். பொங்கல் முடிந்து பத்து நாள் ஆகியும் கிழங்கில் நார் முற்றவில்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு: நெல்லை டவுன், பிறகு வீடு

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் இந்த மாதம் பச்சை வேட்டி குவிந்து கிடக்கும். செந்தூர் நடைக்குப் பச்சை உடுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு வேட்டி 160 ரூபாயிலிருந்து தொடங்கியது. சாயம் போகிறதா என்று பார்க்க ஓரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்த என்னைக் கடைக்காரர் தடுக்கவில்லை. அவரே ஈரத்துணி எடுத்துக் கொடுத்தார். புது வேட்டியை இரண்டு முறை துவைத்து, கஞ்சி போன பிறகுதான் உடுத்தி நடக்க வேண்டும். கஞ்சி முறுக்கோடு பத்து கிலோமீட்டர் நடந்தால் தொடையின் உட்புறம் உரசிப் புண்ணாகிவிடும். நடை பாதியில் நின்றுபோனவர்களில் பலர் காலால் அல்ல, இந்த உரசலால்தான் நின்றார்கள். அதற்குத் தேங்காய் எண்ணெயும், வேட்டிக்குள் முழங்கால் வரை வரும் பருத்திக் கால்சட்டையும் போதும்.

மருந்துக்கடையில் வாங்கியவை: ஒட்டுப் பிளாஸ்திரி, பஞ்சு, கட்டுத்துணி, கிருமிநாசினி, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் இரண்டு முறை சொன்னார். அரைப் பொட்டலத்தை ஒரு குவளையில் கலக்கிக் குடிக்கிறவர்கள் அதிகமாம். கொப்புளத்தைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். சிறியதாக இருந்தால் தொடாமல் மேலே ஒட்டிவிடுவது நல்லது. பெரிதாகி நடக்க முடியாவிட்டால் சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்துவிட்டு, மேல்தோலை உரிக்காமல் மூடிக் கட்ட வேண்டும். தோலை உரித்துவிட்டால் அன்றோடு நடை முடிந்தது. சர்க்கரை நோய் உள்ள என் மாமா ஒருவர் வெறுங்காலோடுதான் நடப்பேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார். முள் குத்தினாலே தெரியாத கால் அது. மருத்துவரிடம் அழைத்துப் போனோம், அவர் அரை மணி நேரம் பேசியும் அசையாத மாமா, "கால்ல புண்ணு வந்தா முருகன் கோயில் படிய எப்படி ஏறுவிய?" என்று அத்தை ஒரே வாக்கியத்தில் கேட்டதும் கான்வாஸ் செருப்புக்கு இறங்கிவந்தார்.

ஒளிரும் பட்டை இரண்டு அங்குல அகலத்தில் ஒரு சுருள் வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொருவர் பையிலும் முதுகுப்பக்கம் தைத்தோம். தாழ்ப்பாள் ஒன்று 45 ரூபாய், இரண்டு வாங்கினேன். திருகாணியும் திருப்புளியும் சேர்ந்தன.

மாலையில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் காய்கறிக் கடைத் தராசை இரவல் வாங்கி வைத்து எடை போடும் சடங்கு நடந்தது. தோளில் தொங்கும் பை மூன்று கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அவருடைய சட்டம், மற்றதெல்லாம் வண்டியில். தண்ணீர்ப் போத்தலை எடுத்து வைத்துவிட்டு எடை போடச் சொன்னவர்களையும், மனைவியின் பையில் தம்முடைய பொருளைத் தள்ளியவர்களையும் அவர் அடையாளம் கண்டுபிடித்தார். சென்னையில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் மலையேற்றத்துக்கு வாங்கிய பெரிய முதுகுப்பையோடு வந்திருந்தான். காலிப் பையே இரண்டு கிலோ. அதைக் கழற்றி வைத்துவிட்டு ஜோல்னாப் பையை மாட்டினார்கள். அவன் கொண்டுவந்த நெற்றி விளக்கை மட்டும் பெரியப்பா வாங்கிப் பார்த்து, தம் தலையில் மாட்டிப் பார்த்து, திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார்.

சாமான் வண்டியாகக் குட்டி யானை ஒன்றைப் பேசியிருந்தோம். ஓட்டுநரோடு நாளுக்கு 2,200 ரூபாய், டீசல் தனி.

7 பிப்ரவரி, வெள்ளி: அம்பாசமுத்திரம் முதல் பத்தமடை வரை

காசிநாதர் கோயில் படித்துறையில் குளித்து, விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்பட்டோம். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலப்பக்கமாக ஒற்றை வரிசையில் நடந்தோம். முன்னால் சித்தப்பா மகன் நெற்றி விளக்கோடு. வீரவநல்லூரில் சுக்குக் காபி. சேரன்மகாதேவியை நெருங்கும்போது ஒன்பதரை மணி. வெறுங்கால்காரர்கள் எல்லோரும் சாலையோரத்து வெள்ளைக்கோட்டின்மேல் ஏறிக்கொண்டார்கள். தார் சுடும்போது அந்தக் கோடு அவ்வளவாகச் சுடாது. வெயில் தாழும் வரை அங்கே ஆலமரத்தடியில் கிடந்துவிட்டு, மாலை பத்தமடைத் தாழ்வாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பாய்கள் எண்ணி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. வீட்டுப் பெண்கள் தவலையில் வெந்நீர் போட்டு, கல்லுப்பு ஒரு கை அள்ளிப் போட்டு, கால் வைக்கச் சொன்னார்கள்.

8 பிப்ரவரி, சனி: பத்தமடை முதல் கிருஷ்ணாபுரம் வரை

நான்கு நாட்களில் நீளமான நாள்; முப்பது கிலோமீட்டர். முன்னீர்ப்பள்ளம் தாண்டி மேலப்பாளையம் வந்தபோதே மூன்று பேருக்குக் கொப்புளம். பாளையங்கோட்டையில் மதிய ஓய்வு, மோர், தயிர்சாதம். வழி நெடுகத் தண்ணீர்ப் பொட்டலமும் பானகமும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மறுக்க மனம் வராமல் எல்லாவற்றையும் வாங்கிக் குடித்த இருவருக்கு வயிறு கெட்டது. வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடப்பதில் தவறொன்றுமில்லை என்று அவர்களிடம் பெரியவர்கள் யாரேனும் சொல்லியிருக்கலாம்.

இரவு ஒன்பதரைக்குக் களத்துக்கு வந்தால், சாமான் வண்டி இல்லை. பாய், போர்வை, சமையல் பாத்திரம், அரிசி எல்லாம் அதில்தான். ஓட்டுநரின் தொலைபேசி அணைந்திருந்தது. பாளையங்கோட்டையைக் கடந்ததும் தூத்துக்குடிச் சாலையும் செந்தூர்ச் சாலையும் பிரியும் இடத்தில் அவர் தூத்துக்குடிப் பக்கம் திரும்பி வல்லநாடு வரை போய்விட்டார் என்பது பிறகு தெரிந்தது. பனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஆலைக் காவலாளி எங்கள் நிலையைப் பார்த்துவிட்டு, காலிச் சாக்குகளை அள்ளிக்கொண்டுவந்து கொட்டகையில் விரித்துக் கொடுத்தார். குளிர் தெரியவில்லை, நெல்லின் சுணை மட்டும் கழுத்திலும் கையிலும் ஏறி, ஒருவரும் ஒரு நிமிடம் சும்மா கிடக்கவில்லை. வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கிவந்து பங்கிட்டோம். பெண்கள் ஆலைக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவந்து, இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது, சோறு மட்டும்தான் இல்லை என்று அறிவித்தார்கள்.

பதினொன்றே முக்காலுக்கு வண்டி வந்தது. ஓட்டுநர் யாரும் திட்டுவதற்கு முன்பே இறங்கி அண்டாவைத் தூக்க ஆரம்பித்துவிட்டார். பெரியப்பா, "மொதல்ல நீ சாப்பிட்டியாடே?" என்று கேட்டார். அவரும் சாப்பிடவில்லை. களத்தின் ஓரத்தில், கொட்டகைக்கு வெளியே அடுப்பு மூட்டி, ரவை உப்புமா கிண்டிச் சாப்பிட்டபோது மணி ஒன்று. மறுநாள் மூன்று மணிக்குப் புறப்பட முடியாது என்று அங்கேயே முடிவாயிற்று. முக்கியமான பாய்களையும் ஒரு வேளைச் சோற்றையும் நடக்கிறவர்களோடு வரும் இருசக்கர வண்டியில் வைக்க வேண்டும் என்றும் முடிவு செய்தோம்.

9 பிப்ரவரி, ஞாயிறு: கிருஷ்ணாபுரம் முதல் ஆழ்வார்திருநகரி வரை

தாமதமாகக் கிளம்பியதன் பலன் முழுவதும் ஆதிச்சநல்லூர்ப் பறம்புக்குப் பக்கத்தில் கிடைத்தது. அந்த இடத்தில் சாலையோரம் நிழல் குறைவு. பதினோரு மணி வெயில். மாமாவின் கான்வாஸ் செருப்பைப் பொறாமையோடு பார்க்காதவர் இல்லை. புதுக்குடித் தேநீர்க் கடைக்காரர் எங்களைத் தெரிந்துகொண்டு, பள்ளிக்கூடம் கிடைத்ததா என்று முதலில் கேட்டார், பிறகுதான் எத்தனை தேநீர் என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் வாயிற்கதவு திறந்திருந்தது. மேலாண்மைக் குழுத் தலைவி தொட்டியை நிரப்பி வைத்துவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார். நான் செய்த முதல் வேலை தாழ்ப்பாளை மாட்டியது. பழைய மரச்சட்டம் இற்றுப்போயிருந்ததால் திருகாணி பிடிக்கவில்லை. ஒரு சாண் தள்ளி வேறு துளை போட்டு இறுக்க அரை மணி நேரம் ஆயிற்று. அத்தை உள்ளே போய்ப் பூட்டிப் பார்த்து, திறந்து பார்த்து, மறுபடியும் பூட்டிப் பார்த்தபிறகே ஒத்துக்கொண்டார். மிஞ்சிய தாழ்ப்பாளைப் பக்கத்துக் கதவில் மாட்டிவிட்டேன்.

அன்று இரவு விளக்கெண்ணெயைச் சூடாக்கி எல்லோருக்கும் உள்ளங்காலில் தேய்த்தார்கள். இருபத்து மூன்று பேரும் எட்டரை மணிக்கெல்லாம் தூங்கிவிட்டோம்.

10 பிப்ரவரி, திங்கள்: திருச்செந்தூர்

மூன்றரைக்கு எழுந்து, பெருக்கி, துடைத்து, இரண்டு மூட்டை குப்பையை வண்டியில் ஏற்றினோம். குரும்பூரில் இட்லி. அதற்கப்பால் கூட்டம் சேர்ந்துகொண்டே போய், சாலையின் ஒரு பாதி பச்சையாகவே இருந்தது. அன்னதானம் நடந்த இடங்களில் காகிதத் தட்டுகள் கணுக்கால் அளவு கிடந்தன. வெறுங்காலோடு நடப்பவர்கள் அவற்றின்மேல் வழுக்கினார்கள்.

செந்தூரில் தனியார் விடுதிகளில் இரண்டு பேர் அறைக்கு 4,500 ரூபாய் கேட்டார்கள். சமுதாய மடம் ஒன்றில் தலைக்கு 150 ரூபாய்க்குக் கூடம் கிடைத்தது. பெரியப்பாவின் நோட்டில் வெள்ளத்துக்குப் பிறகும் செல்லுபடியான ஒரே கீழ்ப்பகுதி முகவரி அதுதான்.

11 பிப்ரவரி, செவ்வாய்: தைப்பூசம்

ஜனவரியில் கோயிலுக்கு முன்னாலிருக்கும் கரையைக் கடல் அரித்துவிட்டிருந்ததால் குளிக்கிற இடத்தைப் பார்த்து இறங்க வேண்டியிருந்தது. புண்ணான கால்களில் உப்புத் தண்ணீர் பட்டபோது எழுந்த சத்தத்தைப் பக்திப் பரவசம் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருக்கக் கூடும். நாழிக்கிணற்று வரிசை நீளம். பொறுமை உள்ளவர்கள் நின்றார்கள். குடமுழுக்குத் திருப்பணி நடந்துகொண்டிருந்ததற்கிடையே ஐந்து மணி நேரம் வரிசையில் நின்று முருகனைப் பார்த்தோம். பன்னீர் இலையில் மடித்த விபூதியை அத்தை முந்தானையில் முடிந்துகொண்டார்.

12 பிப்ரவரி, புதன்: பத்தமடை

பாய்களைத் திருப்பிக் கொடுக்கச் சாமான் வண்டியிலேயே வந்தேன். ஒன்று ஓரத்தில் கிழிந்திருந்தது, ஒன்று வல்லநாட்டுப் பயணத்தில் காணாமல் போயிருந்தது. வீட்டு அம்மா எண்ணிப் பார்த்தார். காணாமல் போனதற்கு முழு விலை வாங்கிக்கொண்டார். கிழிந்ததை விரித்துப் பார்த்து, "இது தச்சாச் சரியாப் போவும்" என்று அதற்கு ஒன்றும் வாங்கவில்லை.

எல்லாச் செலவும் சேர்த்துத் தலைக்கு 1,340 ரூபாய் விழுந்தது. பெரியப்பா நோட்டில் இரண்டு புதிய பக்கங்கள் எழுதியிருக்கிறார், களத்துக்கு நேராக, "சுணை. தார்ப்பாய் அவசியம்" என்று இருக்கிறது. அடுத்த தைப்பூசம் 2026 பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. அப்படியானால் கிருஷ்ணாபுரத்து இரவு வியாழக்கிழமையில் விழும், மண்டபம் கிடைக்க வாய்ப்பு உண்டு. பள்ளிக்கூடத்து இரவு வெள்ளிக்கிழமையில் விழும், அன்று மாலை நான்கரை வரை பிள்ளைகள் இருப்பார்கள். தலைமையாசிரியையிடம் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பேசுவதாக இருக்கிறேன்.